பக்தாதில் நடந்த மருத்துவத் தேர்வு

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையை அடுத்த ஜெகதளா போன்ற மலையூர்களில், பிள்ளைக்குக் காய்ச்சலென்றாலும் பெரியவருக்கு மூச்சுத் திணறலென்றாலும் நாம் முதலில் நாடுவது குடும்ப மருத்துவரையே. அவரே மருத்துவமனையில் உள்நோயாளிகளைப் பார்க்க முற்பட்டால், அதற்கெனத் தனிச் சான்று வேண்டுமா என்னும் வினா எழுகிறது. இவ்வினா புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பக்தாத் நகரம் இதனைச் சந்தித்தது.

ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி மாண்ட செய்தி கலீஃபா முக்ததிரை எட்டியது. ஸினான் இப்னு தாபித்திடம் தேறாத எவரும் மருத்துவம் புரியலாகாதென அவர் ஆணையிட்டார். திறமையால் முன்பே புகழ்பெற்றவர்களும் அரசவை மருத்துவர்களும் நீங்கலாக, எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர். ஸினான் அவரவர் அறிந்த துறையை ஆராய்ந்து, அதற்கு மட்டும் அனுமதி வழங்கினார்.

வந்தவர்களுள் கண்ணியமான முதியவர் ஒருவர், தமக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றும், குடும்பத்தின் பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டாமென்றும் வேண்டினார். ஸினான் சிரித்தார், ஆயினும் அறியாத நோயில் கைவைக்கலாகாது, கடும் நோய்க்குக் குருதி வடித்தலோ பேதி மருந்தோ கூடாது என்னும் நிபந்தனையுடன் விட்டுவிட்டார். தாம் தருவதெல்லாம் சிக்கஞ்சபீனும் ஜுலாபும்தாம் என்றார் முதியவர். வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ இதனைப் பதிவு செய்துள்ளார்.

நம் நாட்டிலோ சான்று வேறுவிதமாய் விளையாடியது. சென்னை மாகாணத்தின் சிற்றூர்களைக் காத்தவர்களுள் எல்.எம்.பி. மருத்துவர்கள் முக்கியமானவர்கள். 1933ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் அவர்களை வெளியே நிறுத்திற்று. 1946இல் போர் குழு அறிக்கை அளித்தபோது, ஏறத்தாழ 47,500 பதிவு மருத்துவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் அவ்வகையினரே! இனி எம்.பி.பி.எஸ். ஒன்றே போதுமென அக்குழு பரிந்துரைத்தது. கல்வித்தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் எளிய மக்களிடையே உழைத்தவர்களின் அனுபவம் மதிப்பிழந்ததும் உண்மையே.

மருத்துவம் அறியாது மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உள்ளது. அங்கே கேட்கப்படுவது பட்டமன்று, அறிவே. ஆகவே, குடும்ப மருத்துவர் வார்டில் காய்ச்சலையும் சர்க்கரை நோயையும் கவனிக்க இன்னொரு பட்டத்தைக் கேட்பது மிகை. அறுவைக்கோ, தீவிர சிகிச்சைக்கோ அவர் கைவைப்பாராயின், அப்பணியில் பெற்ற பயிற்சியைக் கேட்பது கடமை. செய்யும் பணியைக் கொண்டே சான்று அமைதல் வேண்டும். ஸினான் காட்டிய நீதி இதுவே.