திருகோணமலையின் விரைவுச் சுற்றுக்காவல் படகுகள்

தப்பி ஓடும் கலத்தை எட்டிப் பிடிக்கவும், நெருங்கி வரும் கலத்தை வழியிலேயே மறிக்கவும் வேகத்தை முதன்மையாக வைத்துக் கட்டப்படும் சிறு கலமே விரைவுச் சுற்றுக்காவல் படகு. நெடுஞ்சாலைப் பொலிசார் ஓட்டும் உயர்வலுக் கார்களும் இந்தப் படகுகளும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. 1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு உருளை எஞ்சினைச் சாமானியர் வாங்கக்கூடிய காரில் பொருத்தியபோது, அமெரிக்காவின் கொள்ளையரும் பொலிசாரும் அதே காரைத் தேடி வாங்கினார்கள். 1960களின் தொடக்கத்தில் ரோம் நகரப் பொலிசார் ஃபெராரி 250 காரைக் காவலுக்கு எடுத்தார்கள். 2004இல் இத்தாலிய அரச பொலிசுக்கு லம்போர்கினி கல்லார்டோ கிடைத்தது. பின்னர் துபாய்ப் பொலிஸ் புகாட்டிவரை போயிற்று. இலங்கையின் திருகோணமலையில் இந்தப் போட்டி, கடற்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போரில், தண்ணீரில் நடந்தது. பரிசோ தண்டனையோ அங்கே உயிராக இருந்தது. 1972 முதல் 2009 வரையான சான்றுகளை வரிசைப்படுத்தினால் ஒன்று தெளிவாகிறது. வேகம் அங்கே சில மணிநேரங்களை வென்று கொடுத்தது. போரின் போக்கைத் தீர்மானித்தவை பார்வை, எண்ணிக்கை, நெடுந்தூரம் நிலைத்து நிற்கும் ஆற்றல் ஆகியவை. அந்த வேகத்தின் விலையில் ஒரு பெரும் பங்கைப் போரில் இல்லாத மீனவர்கள் கட்டினார்கள்.

இடத்தின் அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும். திருகோணமலையின் உள்துறைமுகம் குறுகிய வாயும் ஆழ்ந்த நீரும் கொண்டது; மலைகள் சூழ்ந்திருப்பதால் பெருங்கப்பல்களுக்குப் பாதுகாப்பானது. வெளியே தெற்கில் கொட்டியாரக் குடா விரிகிறது. மகாவலி கங்கை அங்கேதான் கடலைச் சேர்கிறது. கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குகிறது. ஆனால் கிண்ணியா, மூதூர், சம்பூர்க் கரைகளிலோ ஆழங்குறைந்த நீரும் கழிமுகங்களும் கண்டல் மறைவுகளும் உண்டு. பெரிய கப்பலுக்கு ஏற்ற துறையும் சிறு படகுக்கு ஏற்ற மறைவிடமும் ஒரே குடாவில் எதிரெதிரே இருப்பது இப்பகுதியின் தனித்தன்மை. பிரித்தானியர் இங்கே பெருங்கப்பல்களைப் பற்றியே கவலைப்பட்டார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அந்தக் கவலை வானத்தை நோக்கித் திரும்பியது. 1957 ஒக்ரோபரில் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டபோது, 1950இல் உருவான இளம் கடற்படையிடம் அந்தத் துறைமுகத்தின் அளவுக்கு ஏற்ற கலங்கள் இருக்கவில்லை. கள்ளக்கடத்தலையும் சட்டவிரோதக் குடிவரவையும் தடுப்பதே அதன் அன்றாட வேலை. அது கடலில் செய்யப்பட்ட பொலிஸ் வேலை என்றே சொல்லலாம்.

முதல் வேகப் பாய்ச்சல் 1972இல் வந்தது. முந்தைய ஆண்டின் ஜே.வி.பி. கிளர்ச்சிக்குப் பிறகு, சீனாவிடமிருந்து ஷங்காய் 2 வகைப் பீரங்கிப் படகுகள் ஐந்து கிடைத்தன. முதன்மைக் கலமான சூரயவின் பெயராலேயே அந்த வகுப்பு இலங்கையில் அறியப்பட்டது. ஏறத்தாழ 39 மீற்றர் நீளமும் மணிக்கு 28 கடல்மைலுக்கு மேற்பட்ட வேகமும் கொண்ட அவை, அன்றைய கடத்தல் வள்ளங்களுக்கு முன்னால் மிகையான வலு உடையவையாகவே இருந்தன. பத்து ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. பாக்கு நீரிணையில் கண்ணாடியிழை வள்ளங்களும் வெளியிணைப்பு இயந்திரங்களும் பெருகின. 1983இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபின் அவற்றில் ஆயுதங்களும் போராட்டத்தில் சேர்ந்த இளைஞர்களும் கடந்தபோது, சீனப் படகுகளால் அவற்றைத் துரத்த முடியவில்லை.

இஸ்ரேலின் டோரா வந்தது இந்த இடைவெளியில்தான். 1984இல் முதற் படகுகள் வாங்கப்பட்டன. கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 22 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் மணிக்கு 36 கடல்மைல் வேகமும் கொண்டது அன்றைய டோரா. 1987க்குப் பின் சூப்பர் டோராவும், 1990களின் நடுவில் அதன் இரண்டாம் வடிவமும் வந்தன. இரண்டாம் வடிவம் மணிக்கு 45 கடல்மைலைத் தாண்டியது. தரைக்கணக்கில் 83 கிலோமீற்றர். கொழும்பு டொக்யார்ட் நிறுவனமும் இதே அளவில் உள்நாட்டிலேயே கட்டத் தொடங்கியது. இப்படகுகளின் முதன்மைத் தளமாகத் திருகோணமலை அமைந்தது. 4ஆவது விரைவுத் தாக்குதல் படகுத் தொகுதி அங்கிருந்தே இயங்கியது. எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகள், சூசையின் தலைமையில், தாழ்வான கண்ணாடியிழைப் படகுகளைத் தாங்களே கட்டினார்கள். அவற்றுள் முராஜ் வகைப் படகில் 250 குதிரைவலு இயந்திரங்கள் நான்கு பொருத்தப்பட்டன. விலையில் டோராவோடு ஒப்பிடவே முடியாத அந்தப் படகு, ஓட்டத்தில் அதற்குச் சமமாக நின்றது. தமிழ்க் கிராமங்களில் டோரா என்ற சொல் ஒரு படகின் பெயர் என்ற நிலையைத் தாண்டி, கடற்படையையே குறிக்கும் சொல்லாகிவிட்டது இந்தக் காலத்தில்தான்.

வேகம் உண்மையில் எதைத் தரும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 40 கடல்மைல் ஓடும் படகை 45 கடல்மைல் ஓடும் படகு துரத்தினால், இடைவெளி மணிக்கு ஐந்து கடல்மைல்தான் குறையும். ஐந்து கடல்மைல் தொலைவில் கண்டால் பிடிக்க ஒரு மணிநேரம் வேண்டும். அதற்குள் துரத்தும் படகு 45 கடல்மைல் ஓடியிருக்கும். எதிராளி அதற்கு முன்பே ஏதாவது ஒரு கழிமுகத்துக்குள் புகுந்திருப்பான். எதிர்த்து வரும் தற்கொலைப் படகின் கணக்கு இன்னும் கடுமையானது. டோரா நின்ற நிலையில் இருக்க, 40 கடல்மைல் வேகத்தில் வரும் படகை இரண்டு கடல்மைலில் கண்டால் மூன்று நிமிடம். பத்துக் கடல்மைலில் கண்டால் பதினைந்து நிமிடம். இயந்திரத்துக்கு எத்தனை குதிரைவலு கூட்டினாலும் கிடைக்காத பன்னிரண்டு நிமிடங்களை நல்ல றேடார் தந்துவிடுகிறது. ஆனால் நீர்மட்டத்தோடு ஒட்டி வரும் கண்ணாடியிழைப் படகை வாடைக்கால அலைகளுக்கு நடுவே றேடாரும் எளிதில் காணாது. அதே அலையில் டோராவும் தன் முழு வேகத்தில் ஓட முடியாது. ஓடினால் படகின் அடிப்பாகம் அலையில் அறைபட்டு ஆட்களையும் கருவிகளையும் குலைத்துவிடும். ஆண்டின் கணிசமான பகுதியில், விலைகொடுத்து வாங்கிய வேகம் பயன்படாமலே கிடந்தது. கார்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1928இல் டெட்ரோயிட் பொலிசார் ரோந்துக் கார்களுக்கு வானொலி பொருத்தியது, எந்த எஞ்சினையும்விடப் பெரிய மாற்றமாக அமைந்தது.

வேகம் மட்டும் போதாது என்பதற்கு மறுக்க முடியாத இரண்டு சான்றுகள் இந்தத் துறைமுகத்துக்குள்ளேயே உள்ளன. 1995 ஏப்ரல் 19ஆம் திகதி சூரய, ரணசுரு என்ற இரண்டு பீரங்கிப் படகுகள் திருகோணமலையில் மூழ்கடிக்கப்பட்டன. அந்த ஆண்டு ஜனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம் அத்தோடு முடிந்தது. 1972இல் வேகத்துக்காக வாங்கப்பட்ட முதற் கலம், கட்டிவைத்த இடத்திலேயே, நீரடியில் நீந்தி வந்த கடற்புலிகள் வைத்த வெடியால் அழிந்தது. 2008 மே 10ஆம் திகதி அதே துறைமுகத்தில் ஏ 520 என்ற கடற்படைச் சரக்குக் கப்பல் மீண்டும் நீரடித் தாக்குதலில் மூழ்கியது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் விரைவுப் படகுகளின் வேகமும் எண்ணிக்கையும் பெரிதும் கூடியிருந்தன. கடலில் மிக மெதுவாக நகரக்கூடிய மனித உடல் அந்த வேக வளையத்தை இரண்டு முறை கடந்திருக்கிறது. வேகம் பதில் சொல்லாத கேள்விகள் இருந்தன என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் தேவையில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. விரைவுப் படகுகள் இல்லாதிருந்தால் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான கடல்வழி மூடப்பட்டிருக்கும் என்பார்கள். உண்மை. 2006 மே 11ஆம் திகதி, 710 படையினரை ஏற்றிச் சென்ற பேர்ள் குரூஸ் 2 கப்பலைக் கடற்புலிகள் வெற்றிலைக்கேணிக் கடலில் தாக்கியபோது, கப்பலுக்கும் தாக்குவோருக்கும் நடுவே புகுந்து நின்றவை டோராக்களே. ஒரு டோராவும் அதிலிருந்த 17 பேரும் போனார்கள், கப்பல் தப்பியது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்தில் சிக்கிய பொதுமக்களின் உணவும் மருந்தும் இந்தக் கடல்வழியால்தான் போயின. ஆகவே வேகம் வீண் என்று சொல்ல வரவில்லை. எதிரி கண்ணில் பட்டபின் அவனுக்கு முன்னால் போய் நிற்க வேகம் வேண்டும்; அந்த வேலையை வேறெதுவும் செய்யாது. ஆனால் அது தற்காக்கும் வேலை. எதிரி நாளையும் வருவான், நாளை மறுநாளும் வருவான். டோரா எத்தனை வேகமாக ஓடினாலும் அந்த வருகை நிற்கவில்லை.

நிறுத்தியவை வேறு இரண்டு. ஒன்று எண்ணிக்கை. 2005இல் தளபதியான வசந்த கரன்னாகொடவின் காலத்தில் கடற்படை, கடற்புலிகளின் முறையையே திருப்பிப் பிடித்தது. 23 அடி நீளமுள்ள அரோ படகுகள் உள்நாட்டில், கடற்படையின் சொந்தப் பட்டறையிலேயே, நூற்றுக்கும் மேலாகக் கட்டப்பட்டன. அவை டோராவைவிட வேகம் குறைந்தவை. ஆனால் ஆழங்குறைந்த நீருக்குள் போகும். கூட்டமாகப் பல திசைகளிலிருந்து வரும். ஒன்றை இழந்தாலும் தொகுதி குலையாது. 2006 செப்ரெம்பர் 4ஆம் திகதி சம்பூர் இராணுவத்தின் கைக்கு வந்தபின் கொட்டியாரக் குடாவின் தென்கரை மறைவிடமாக இருப்பதும் முடிந்தது. துறைமுகத்தின் பாதுகாப்பில் அந்தத் தரைவழி மாற்றம் பல டோராக்களுக்குச் சமம். மற்றொன்று தூரம். 2006 செப்ரெம்பருக்கும் 2007 ஒக்ரோபருக்கும் இடையில் விடுதலைப் புலிகளின் ஆயுதக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆழ்கடலில் மூழ்கடிக்கப்பட்டன; கடற்படை எட்டு என்று கணக்குச் சொல்கிறது. அங்கே போனவை இந்தியா 2000இல் கொடுத்த சயுர, அமெரிக்கா 2004இல் கொடுத்த சமுதுர போன்ற கப்பல்கள். சயுரவின் உச்ச வேகம் மணிக்கு 21 கடல்மைல். சமுதுரவின் வேகம் 18. டோராவின் பாதி வேகம்கூட இல்லாத கப்பல்கள், உளவுத் தகவலோடு ஆயிரம் கடல்மைலுக்கு அப்பால் சென்று, வேகப் படகுகளுக்கு வெடிமருந்தும் இயந்திரமும் வந்துகொண்டிருந்த மூலத்தை அடைத்தன.

வேகத்துக்கு இன்னொரு வழியும் இருந்தது. அதைப் பேசாமல் இந்த வரலாறு முழுமையாகாது. துரத்துபவன் வேகமாவது ஒரு வழி. மற்ற எல்லாரையும் மெதுவாக்குவது மற்றொரு வழி. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மீனவரின் வெளியிணைப்பு இயந்திரங்களுக்குக் குதிரைவலு வரம்பு விதிக்கப்பட்டது. இரவுத் தொழிலுக்குத் தடை, கரையிலிருந்து போகக்கூடிய தூரத்துக்கு எல்லை, பாஸ் என்ற அனுமதிச்சீட்டு முறை எல்லாம் சேர்ந்து வந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமியில் வள்ளத்தையும் வலையையும் இழந்து, உதவி நிறுவனங்கள் கொடுத்த புதிய படகோடும் இயந்திரத்தோடும் எழுந்து நின்ற மீனவர்கள், இரண்டே ஆண்டுகளில் அவற்றைக் கரையில் கட்டிவைத்துப் பார்த்திருந்தார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகத்தவரும் இந்தக் கடலில் தொழில் செய்கிறார்கள். சம்பூர் மக்களோ 2007இல் அறிவிக்கப்பட்ட உயர்பாதுகாப்பு வலயத்தால் கரையையே இழந்தார்கள். 2015க்குப் பின் கட்டங்கட்டமாகத்தான் காணி திரும்பியது. கடற்புலிகள் மீன்பிடிப் படகு போன்ற கலங்களையே பயன்படுத்தியதால் வேறு வழியில்லை என்பது இந்தத் தடைகளுக்கான நியாயம். 2006 ஜனவரி 7ஆம் திகதி திருகோணமலைக்கு வெளியே டோரா ஒன்று வெடிமருந்துப் படகால் அழிக்கப்பட்டதை நினைத்தால், அந்த அச்சம் கற்பனையல்ல என்பதும் விளங்கும். ஆனாலும் 250 குதிரைவலு இயந்திரத்தை ஆழ்கடல் வழியாகக் கொண்டுவரக்கூடிய ஒரு அமைப்பைச் சிறு வள்ளக்காரனுக்கு விதித்த வரம்பு தடுக்கவில்லை. அமைப்பைத் தடுத்தவை ஆழ்கடலில் நடந்த தாக்குதல்கள். வரம்பு தடுத்தது வலை வீசப் போனவனை.

போரின் கடைசி மாதங்களில் திருகோணமலைக்கு வந்த கலங்களில் மனிதர்க்கு அதிகம் பயன்பட்டது விரைவுப் படகு எதுவும் அல்ல. 2009 பெப்ரவரி முதல் மே வரை, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு ஏற்பாடு செய்த கிரீன் ஓஷன் என்ற மெதுவான பயணிகள் கப்பல், போர்ப் பகுதிக் கரையிலிருந்து காயமடைந்தோரையும் நோயாளரையும் உடன் வந்தோரையுமாக ஏறத்தாழ 14,000 பேரைத் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுவந்தது. அந்தக் கப்பலுக்குத் தேவைப்பட்டது இரு தரப்பும் சுடாதிருப்பதற்கான ஒப்புதல். அது கிடைத்த நாட்களில் உயிர்கள் வந்தன.

2009க்குப் பிறகு கடற்படை தேடிய கலங்களும் மாறின. இந்தியாவில் கட்டி 2017இலும் 2018இலும் சேர்க்கப்பட்ட சயுரல, சிந்துரல, அமெரிக்கக் கரையோரக் காவலிடமிருந்து வந்த கஜபாகு, விஜயபாகு ஆகியவை வாரக்கணக்கில் கடலில் நிற்கக்கூடிய பெரிய ரோந்துக் கப்பல்கள். விரைவுப் படகுகள் திருகோணமலையில் இன்றும் இருக்கின்றன; அவற்றின் வேலை பெரும்பாலும் 1950களின் பொலிஸ் வேலைக்கே திரும்பிவிட்டது. தடைசெய்த வலைகளும் டைனமைற் மீன்பிடியும் இன்று மாவட்டத்தின் நாளாந்தக் கடற்குற்றங்கள். டைனமைற் வீசுபவன் தொலைவில் வரும் படகைக் கண்டதும் மிச்ச வெடியைக் கடலில் போட்டுவிடுகிறான். எத்தனை வேகமாகப் போனாலும் கையில் அகப்படுவது வெறும் வள்ளம். ஆனால் வெடியால் செத்த மீனின் காற்றுப்பை கிழிந்திருக்கும், முள்ளெலும்பு நொறுங்கியிருக்கும். இறங்குதுறையில் ஒரு மீனைக் கிழித்துப் பார்க்கத் தெரிந்த பரிசோதகர், குடாவைச் சுற்றி ஓடும் படகைவிட அந்தக் குற்றத்தை உறுதியாகக் காட்டிவிடுவார்.