ஹார்ப் லாகர்

ஹார்ப் லாகர் வெளிர்பொன் நிறமுள்ள ஒரு பீர். அயர்லாந்தின் கின்னஸ் நிறுவனம் 1960இல் டன்டாக் நகர ஆலையில் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. கருப்பு ஸ்டவுட்டினால் உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அதற்கு நேரெதிரான ஒரு பானத்தைத் தானே உருவாக்கியது என்பதே இதன் வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி. ஆசையைவிட அச்சமே கின்னஸை இந்த முயற்சிக்குத் தள்ளியது எனலாம்.

பின்னணி

லாகர் மத்திய ஐரோப்பாவில் வளர்ந்த பீர். குளிர்ந்த நிலவறைகளில் மெதுவாக நொதிக்கவிடும் பவேரிய முறையை யோசஃப் குரோல் என்பவர் பொஹீமியாவின் பில்சன் நகருக்குக் கொண்டுபோனார். அங்கே 1842இல் அவர் காய்ச்சிய தெளிந்த பொன்னிற பீர்தான் இன்று உலகெங்கும் விற்கும் லாகர்களின் முன்னோடி. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கார்ல் ஃபொன் லிண்டே வடிவமைத்த குளிரூட்டும் எந்திரம் வந்தது. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஈஸ்ட்டைக் கலப்பில்லாமல் பிரித்து வளர்த்துக் காட்டினார். இவ்விரண்டும் வந்த பிறகு குளிர்காலத்துக்காகக் காத்திருக்கும் தேவை போயிற்று. எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் லாகர் காய்ச்ச முடிந்தது.

ஆயினும் அயர்லாந்தும் பிரிட்டனும் நெடுங்காலம் அதை ஏற்கவில்லை. அங்கே ஸ்டவுட்டும் ஏலும்தான் பீர். லாகர் வெளிநாட்டுச் சரக்கு. வெயில் நாளில் யாரோ சிலர் கேட்டு வாங்குவது. 1950களின் இறுதியில் இந்த நிலை அசையத் தொடங்கியது. விடுமுறைக்கு ஐரோப்பா போய்வந்தவர்களும் இளைஞர்களும் குளிர்ந்த, இலேசான பீரைக் கேட்கலானார்கள். அந்த வாடிக்கையாளர்களை டென்மார்க், ஜெர்மனி நிறுவனங்களிடம் விட்டுவிட கின்னஸுக்கு மனமில்லை.

டன்டாக்கில் தொடக்கம்

டன்டாக், டப்ளினுக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்கும் இடையே, வட அயர்லாந்து எல்லையை ஒட்டிய லௌத் மாவட்ட நகரம். கிரேட் நார்தர்ன் ரயில்வே அந்த ஊரில் பெரும் பணிமனைகளை வைத்திருந்தது. ரயில்பாதையை அடுத்திருந்த பீர் ஆலையும் அதே பெயரைச் சூடி கிரேட் நார்தர்ன் ஆலை ஆயிற்று. கின்னஸ் இதை லாகருக்கென மாற்றியமைத்தது. ஸ்டவுட் கைவந்தவர்களுக்கு லாகர் தானாக வராது என்பதை அந்நிறுவனம் உணர்ந்திருந்தது. ஆகவே ஹெர்மன் முண்டர் என்ற ஜெர்மானியக் காய்ச்சுநரை வரவழைத்துப் பொறுப்பை ஒப்படைத்தது. சுவையைப் பொறுத்தவரை ஹார்ப்பின் ஐரிஷ்தன்மை குறைவே. அதன் செய்முறை ஜெர்மனியைச் சேர்ந்தது. ஐரிஷ் அடையாளம் பெயரோடும் முத்திரையோடும் நின்றுவிடுகிறது.

அந்த முத்திரை கின்னஸிடம் ஏற்கெனவே இருந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் காக்கப்படும், பிரையன் போரு மன்னரின் பெயரால் வழங்கும் பழைய யாழின் (ஹார்ப்) வடிவத்தை அந்நிறுவனம் 1862 முதல் தன் சீட்டில் அச்சிட்டது. 1876இல் வணிகச் சின்னமாகப் பதிவும் செய்துகொண்டது. 1922இல் பிறந்த ஐரிஷ் அரசும் அதே யாழைச் சின்னமாக எடுத்துக்கொள்ள, நிறுவனத்தின் யாழ் ஒரு பக்கமும் அரசின் யாழ் எதிர்ப்பக்கமும் பார்க்கின்றன. நாட்டின் அரசு ஒரு பீர் கம்பெனிக்கு ஒதுங்கி வழிவிட்டது போன்ற ஏற்பாடு!

கூட்டணியும் வளர்ச்சியும்

பிரிட்டனில் பெரும்பாலான பப்கள் ஏதாவது ஒரு பீர் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தன. அந்தந்த நிறுவனத்தின் சரக்கே அங்கு விற்கும். கின்னஸுக்கோ அங்கே சொந்தப் பப்கள் கிடையா. ஸ்டவுட்டுக்குப் போட்டியில்லாததால் அடுத்தவர் கடையிலும் அது இடம் பிடித்தது. புதிய லாகருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. எனவே 1961இல் கரேஜ், ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில், பாஸ் குழுமங்களைப் பங்காளிகளாகச் சேர்த்து ஹார்ப் லாகர் லிமிடெட் உருவாக்கப்பட்டது. போட்டியாளர்களையே உரிமையாளர்களாக்கி அவர்களுடைய பப்களுக்குள் நுழைந்த இந்தத் தந்திரம், பீரின் சுவையைவிடக் கெட்டிக்காரத்தனமானது. இங்கிலாந்தின் ஆல்டன், மான்செஸ்டர் முதலிய இடங்களிலும் ஹார்ப் காய்ச்சப்பட்டது.

முதலில் பாட்டிலில் மட்டும் வந்த ஹார்ப், 1964இல் குழாயில் வழங்கும் டிராட் வடிவம் பெற்றது. விற்பனை ஏறியது அதன் பிறகே. 1960இல் பிரிட்டிஷ் பீர் சந்தையில் லாகருக்கு இருந்த இடம் மிகச் சிறியது. 1990 வாக்கில் அது ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. 1976இன் கொடுங்கோடையும் இதற்குக் கைகொடுத்தது. இந்த மாற்றத்தின் முன்வரிசையில் ஹார்ப் நின்றாலும் விளைச்சலின் பெரும்பகுதியை அறுத்தவர்கள் கார்லிங், ஹைனிக்கன், கார்ல்ஸ்பெர்க் போன்றோர். பாஸ் விலகியது, 1970களின் முடிவில் மற்றப் பங்காளிகளும் உரிமையாளர் நிலையை விட்டனர். 1980களில் வந்த ஒரு தொலைக்காட்சி விளம்பரம் மட்டும் அயர்லாந்தில் நிலைத்துவிட்டது. பாலைவன நாட்டில் வேலைபார்க்கும் ஐரிஷ்காரர் ஒருவர் ஊர் நினைவில் ஹார்ப்பையும் சாலி ஓ'பிரையன் என்ற பெண்ணின் பார்வையையும் எண்ணி ஏங்குவார். சாலியாக நடித்த விக்கி மிஷெல் ஆங்கில நடிகை.

தயாரிப்பும் சுவையும்

எல்லா லாகரையும் போல இதற்கும் அடிப்படை முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர், ஈஸ்ட். கின்னஸ் ஸ்டவுட்டின் கருமைக்கும் காபி போன்ற கசப்புக்கும் காரணமான வறுத்த வாற்கோதுமை இதில் இல்லை. ஏல் வகைகள் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சில நாளில் நொதித்துவிடும். லாகர் ஈஸ்ட்டோ 10 டிகிரி அளவிலேயே நிதானமாக வேலை செய்து தொட்டியின் அடியில் படியும். பிறகு உறைநிலைக்கு அருகில் வைத்துப் பக்குவப்படுத்துவார்கள். வெண்ணெய் வாடை, கந்தக வாடை போன்றவை அப்போதுதான் அடங்கும். ஸ்டவுட்டில் சிறு குறைகள் வறுவல் மணத்துக்குள் ஒளிந்துகொள்ளும். லாகரில் எதையும் மறைக்க முடியாது.

ஹார்ப்பைக் குடித்தால் முதலில் மெல்லிய தானிய இனிப்பு, பிறகு ஹாப்ஸின் பச்சிலை போன்ற கசப்பு, இறுதியில் நாவில் ஒட்டாத வறண்ட முடிவு. ஆல்கஹால் நாட்டுக்கு நாடு மாறி 4 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். ஆழமான சுவை தேடுபவர்களுக்கு இது ஏமாற்றமே. தாகத்துக்குக் குடிப்பவர்கள் குறைசொல்ல மாட்டார்கள்.

பரிமாறுதல்

கின்னஸின் கணிதவியலர் மைக்கேல் ஆஷ் 1959இல் நிறைவேற்றிய நைட்ரஜன் முறையே டிராட் ஸ்டவுட்டின் பாலேட்டு நுரைக்குக் காரணம். அதை இரண்டு தவணையாக ஊற்றி நடுவே அடங்கவிட வேண்டும். ஹார்ப்புக்கு இந்தச் சடங்கு கிடையாது. கரியமில வாயுவோடு நன்கு குளிர்ந்து வருவதைச் சாய்த்த கிளாஸில் ஒரே மூச்சில் பிடித்து, கடைசியில் நிமிர்த்தினால் நுரை நிற்கும். 568 மில்லிலிட்டர் கொண்ட பைண்ட் கிளாஸில் எண்ணெய்ப்பசை துளி இருந்தாலும் நுரை நில்லாது.

அமெரிக்க மதுக்கூடங்களில் பாதி ஹார்ப்பை ஊற்றி, கவிழ்த்த கரண்டியின் முதுகு வழியே கின்னஸை மெல்ல விடும் வழக்கம் உண்டு. அடர்த்தி குறைந்த கின்னஸ் மேலே கருப்பாக மிதக்கும். இவ்வகைக் கலவையின் 'பிளாக் அண்ட் டேன்' என்ற பெயரை அயர்லாந்தில் சொல்லிக் கேட்காமலிருப்பது நல்லது. 1920இல் விடுதலைப் போராட்டத்தை ஒடுக்க பிரிட்டன் அனுப்பிய துணைக் காவலர்களை மக்கள் அழைத்த பெயர் அது. பாதிக்குப் பாதி என்று பொருள்படும் 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்று கேட்டால் சிக்கலில்லை.

இன்றைய நிலை

1997இல் கின்னஸ், கிராண்ட் மெட்ரோபாலிட்டனோடு இணைந்து டியாஜியோ ஆனது. அந்நிறுவனம் அயர்லாந்தின் காய்ச்சும் பணியை டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட் வளாகத்தில் குவித்தபோது டன்டாக் ஆலை 2013இல் மூடப்பட்டது. விஸ்கித் தொழிலில் பெயர்பெற்ற ஜான் டீலிங் அதை வாங்கி, 2015 முதல் கிரேட் நார்தர்ன் வடிசாலையாக நடத்தி வருகிறார். அயர்லாந்துக் குடியரசில் பின்தங்கிவிட்ட ஹார்ப், வட அயர்லாந்துப் பப்களில் இன்றும் செல்வாக்குடையது. நைஜீரியாவில் கின்னஸ் கிளை 1974இல் பெனின் நகரில் ஹார்ப் காய்ச்சத் தொடங்கியது. ஐரிஷ் யாழ் அங்கே உள்ளூர்ச் சரக்காகவே விற்கிறது.