தலைப்படை

தலைத்தோலையும் முடியையும் தாக்கும் பூஞ்சைத் தொற்று; படர்தாமரையின் இனம். பெரும்பாலும் சிறுவர்களுக்கே வரும். அரிப்பு, செதில், திட்டுத்திட்டாக முடி உதிர்தல் ஆகியவை அறிகுறிகள். பொடுகு என்று எண்ணி எண்ணெய் தேய்த்தே காலம் கடத்துவது வருந்தத்தக்கது. சீழ் கோத்துப் புண்ணாகிவிட்டால் அவ்விடத்தில் முடி மீண்டும் முளைக்காமலே போகலாம். திட்டாக முடி கொட்டும் மற்றொரு நோயான புழுவெட்டில் தோல் வழவழப்பாக இருக்கும், செதில் இராது. தலைப்படையிலோ முறிந்த முடிகள் கரும்புள்ளிகளாகத் தெரிவதுண்டு. பூஞ்சை மயிர்க்காலுக்குள் இருப்பதால் களிம்பு மட்டும் போதாது. கிரிசியோஃபல்வின் அல்லது டெர்பினாஃபின் மாத்திரையை மருத்துவர் சொன்னபடி பல வாரங்கள் உட்கொள்ள வேண்டும். 1950-களின் இறுதியில் கிரிசியோஃபல்வின் வரும்வரை, இதற்குச் சிகிச்சையாக எக்ஸ்ரே பாய்ச்சிக் குழந்தைகளின் முடியை உதிர்த்தார்கள். கீட்டோகோனசோல் ஷாம்பு பரவலைக் குறைக்கும். சீப்பு, துண்டு, தொப்பி தனித்தனியாக இருக்கட்டும். பூனையிடமிருந்தும் தொற்றக்கூடும் என்பதால் வீட்டுப் பூனையையும் சோதிக்க வேண்டும். மொட்டையடிக்கத் தேவையில்லை.