பெண்களின் அழுத்தச் சிறுநீர்க் கசிவு: அறுவை சிகிச்சையின் நீண்டகாலப் பலன்

இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குதல் போன்றவற்றால் வயிற்றில் அழுத்தம் கூடும்போது அடக்க முடியாமல் சிறுநீர் கசிவதே அழுத்தச் சிறுநீர்க் கசிவு. பிரசவமும் மாதவிடாய் நின்றபின் வரும் தளர்ச்சியும் முக்கியக் காரணங்கள். உடல் பருமனும் தீராத இருமலும் இதை மோசமாக்கும். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பல மணி நேரம் நடப்பது இத்தொல்லை உள்ள பெண்ணுக்கு எளிதல்ல. வெட்கத்தால் வெளியே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சகித்துக்கொள்வோர் ஏராளம்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியே முதல் சிகிச்சை. அதில் குணமாகாதவர்களுக்கே அறுவை சிகிச்சை. ஜான் பர்ச் 1961இல் வெளியிட்ட முறையில், யோனியின் முன்சுவர்த் திசு இடுப்பெலும்பை ஒட்டிய தசைநாரோடு தைக்கப்படுகிறது. முதலாண்டில் 85 முதல் 90 விழுக்காட்டினருக்குக் கசிவு நிற்கும். ஐந்தாண்டுக்குப் பின் அது 70 விழுக்காடு அளவுக்கு இறங்கும். நோயாளியின் வயிற்றுத் தசையுறையையே எடுத்துச் சிறுநீர்த்தாரைக்குத் தொட்டில்போல் பொருத்துவது இன்னொரு முறை. 655 பெண்களிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், ஈராண்டில் தசையுறைத் தொட்டில் 66 விழுக்காடும் பர்ச் முறை 49 விழுக்காடும் வெற்றி கண்டன. ஐந்தாம் ஆண்டில் அறவே கசிவற்றிருந்தவர்கள் முறையே 31, 24 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால் மனநிறைவு தெரிவித்தவர்கள் 83, 73 விழுக்காட்டினர். கசிவு நீடித்தவர்களே தொடர் ஆய்வில் அதிகம் சேர்ந்ததால், 31, 24 என்ற எண்களை அப்படியே கொள்ளக்கூடாது. துளிக் கசிவையும் தோல்வியாக எண்ணும் அளவுகோல், அன்றாட வாழ்வில் அந்தப் பெண் பெற்ற விடுதலையைக் காட்டுவதில்லை.

1990களில் சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டன் கொண்டுவந்த செயற்கை வலைநாடா முறையில் வெட்டு சிறியது. விரைவில் வீடு திரும்பலாம். வடஐரோப்பாவில் 90 பெண்களைத் தொடர்ந்த ஆய்வில், 17 ஆண்டுகளுக்குப் பிறகு பரிசோதிக்கப்பட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்குக் கசிவில்லை. இருந்தும் நாடா யோனிச்சுவரை அரித்து வெளிப்படுதல், தீராத வலி, உடலுறவில் வேதனை ஆகியவை சிலரை வாட்டின. இங்கிலாந்தில் 95,057 பெண்களின் பதிவுகளின்படி, ஒன்பதாண்டுக்குள் 3.3 விழுக்காட்டினருக்கு நாடாவை அகற்ற வேண்டியிருந்தது. 2018 ஜூலையில் அங்கு இதன் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. விழுக்காடு சிறிதானாலும், திசுவோடு பிணைந்த நாடாவை முழுதாக எடுப்பது கடினம் என்பதால் அவர்களின் துன்பம் பெரிது.

எம்முறையிலும் சிறுநீர் கழிக்கத் தடையோ, புதிதாக அவசர உணர்வோ வரலாம். பின்னர் கருவுற்றால் கசிவு திரும்பக்கூடும் என்பதால், பிள்ளைப்பேறு முடிந்தபின் செய்வதே வழக்கம். எந்த முறை, செயற்கை நாடா உண்டா, பத்தாண்டுப் பலன் என்ன என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே பெண்கள் ஒப்புதல் தர வேண்டும்.