நாட்கூலியும் மாதச் சம்பளமும்: மலாயாவில் கனரக இயந்திரப் பணியாளர் ஊதியம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் தொழில் வரலாறு பெரும்பாலும் இரப்பர்த் தோட்ட வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கங்காணி, பால்மரம், லயன் வீடு, கள்ளுக்கடை ஆகியவை நம் ஆய்வுகளிலும் படைப்புகளிலும் நிலைத்த இடம் பெற்றுவிட்டன. இரயில்வே பட்டறைகளிலும் தோட்ட ஆலைகளிலும் ஈயச் சுரங்கங்களிலும் பெரும் இயந்திரங்களைப் பழுதுபார்த்து வாழ்ந்த தமிழர்களோ அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. இவர்களுடைய ஊதியம் எவ்வாறு வரையறுக்கப்பட்டது, அதில் எது அவர்களின் வாழ்வைத் தீர்மானித்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஊதியத் தொகையைக் காட்டிலும் ஊதியத்தின் வடிவமே, அதாவது அது நாளால் அளக்கப்பட்டதா மாதத்தால் அளக்கப்பட்டதா என்பதே, இப்பணியாளர் வரலாற்றின் மையச் சிக்கலாக இருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கூலி, சம்பளம் எனும் இரு சொற்கள்

தமிழில் உழைப்புக்குரிய பணத்தைக் குறிக்கக் கூலி, சம்பளம், ஊதியம் எனப் பல சொற்கள் உள்ளன. இவற்றுள் கூலி மிகப் பழையது. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் முயற்சியின் பயனைச் சுட்ட வள்ளுவர் இச்சொல்லையே ஆள்கிறார். அங்கு அது இழிவுப் பொருள் எதனையும் ஏற்கவில்லை. காலனிய ஆட்சிக் காலத்தில் ஆங்கிலத்தில் வழங்கிய 'கூலி' என்னும் சொல் உழைப்பின் பயனை விடுத்து உழைப்பவனையே குறிக்கலாயிற்று. அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், மலாயாவில் அது தமிழரின் தோள்மீது ஏற்றப்பட்ட பட்டப்பெயராயிற்று என்பதில் ஐயமில்லை.

சம்பளம் என்பதற்குச் சம்பா நெல்லும் உப்பளத்து உப்பும் சேர்ந்து உருவான சொல் என மக்கள் வழக்கில் ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. மொழியியலார் இதனை வழிப்பயணத்துக்கான உணவைக் குறிக்கும் 'சம்பல' எனும் வடசொல்லோடு இணைத்துக் காண்பர். மலாயா வாழ்வில் இவ்விரு சொற்களும் இருவேறு தகுதிகளைக் குறித்தன. எழுத்தர், நிலைய அதிகாரி, ஆசிரியர் ஆகியோர் சம்பளக்காரர். பால்வெட்டுபவரும் தண்டவாளம் இடுபவரும் கூலிக்காரர். நீராவி எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இவ்விரண்டில் எந்த வரிசையில் நிற்பவர் என்பதுதான் வினா.

பெரும் இயந்திரங்களின் வருகை

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885 சூன் 1ஆம் நாள் தைப்பிங்குக்கும் இன்று கோலா செபெத்தாங் எனப்படும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைப்பதில் இலங்கையிலிருந்து வந்த முன்னோடிப் படையினர் ஈடுபட்டனர். அடுத்த ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே பாதை ஓடியது. 1901இல் இவை ஒன்றிணைந்து கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வேயாயின. 1909இல் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை முழுமை பெற்றது.

இவ்வளவு நீண்ட பாதையில் ஓடும் எஞ்சின்களைப் பேணுவதற்கு இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கோலாலம்பூரின் செந்தூலில் மத்தியப் பட்டறை நிறுவப்பட்டது. வார்ப்படம், கொல்லுலை, பாய்லர், கடைசல், பெட்டி கட்டுதல் எனப் பல பிரிவுகளைக் கொண்ட அப்பட்டறையைச் சுற்றியே செந்தூல் வளர்ந்தது. அங்குத் தமிழர் குடியிருப்புகளும் பள்ளிகளும் கோயில்களும் தோன்றின. இரயில்வேயைப் போலவே ஈயத் தொழிலிலும் இயந்திரங்கள் பெருகின. ஈயம் அள்ளும் மிதவைக் கப்பல்கள் 1910களின் தொடக்கத்தில் பேராக்கின் பத்து காஜா வட்டாரத்தில் இயங்கத் தொடங்கின. 1938இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த, ஏறத்தாழ 4,500 டன் எடையுள்ள தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் கப்பல் இன்றும் காட்சிப் பொருளாக நிற்கிறது.

கைத்திறனின் அளவு

பட்டறைப் பணியின் தன்மையை உணர ஓர் எடுத்துக்காட்டுப் போதும். எஞ்சின் சக்கரத்தின் வெளிப்புறத்தில் எஃகு வளையம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தேய்ந்த வளையத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுகையில், அதன் உள்விட்டத்தைச் சக்கரத்தைவிடச் சற்றே சிறியதாகக் கடைய வேண்டும். பின்னர் நெருப்பில் காய்ச்சி விரியச் செய்து சக்கரத்தில் ஏற்றுவர். குளிர்ந்ததும் அது இறுகப் பற்றிக்கொள்ளும். கடைசலில் மயிரிழை மிகுந்தால் வளையம் ஓட்டத்தில் நழுவும், குறைந்தால் வெடிக்கும். பாய்லர்க் குழாய்களை மாற்றுவதும் தாங்கிகளுக்கு வெள்ளீயக் கலவை வார்ப்பதும் இத்தகைய நுட்பம் வேண்டுபவையே. பயணிகளின் உயிர் அந்தப் பிட்டரின் கையளவில் இருந்தது.

இத்திறன் ஏட்டுக் கல்வியால் வருவதன்று. மூத்த தொழிலாளியிடம் கையாளாக நின்று ஆண்டுக்கணக்கில் பயின்றே பெறப்பட்டது. 1926இல் கோலாலம்பூரில் அரசாங்கத் தொழிற்பள்ளி தொடங்கப்பட்ட பின்னரும் பட்டறையே பெரும்பாலோர்க்குப் பள்ளியாக விளங்கியது.

எனினும், ஊதியப் பட்டியலில் இத்திறன் தனித்தகுதி பெறவில்லை. உயர்நிலைப் பொறியாளரும் மேற்பார்வையாளரும் ஐரோப்பியர். அலுவலகப் பணிகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர் பெருமளவில் அமர்ந்தனர். பட்டறையில் கைவேலை செய்தோருட் பெரும்பகுதியினர் நாட்கூலிப் பட்டியலில் இடம்பெற்றனர். கைத்திறனுக்கேற்ப நாட்கூலியில் ஏற்றத்தாழ்வு இருந்தது உண்மையே. ஆயினும், பாய்லர் கட்டுபவரும் கரி அள்ளுபவரும் நாளால் அளக்கப்பட்டவர் என்னும் வகையில் ஒரே இனமாகக் கருதப்பட்டனர்.

நாள் எனும் அளவுகோல்

நாட்கூலி முறை ஏன் விரும்பப்பட்டது? மலாயாவின் வருவாய் ஈயத்தையும் இரப்பரையும் சார்ந்திருந்தது. உலகச் சந்தையில் விலை வீழ்ந்தால் சரக்கு குறையும். சரக்கு குறைந்தால் இரயில்வே வருவாய் குறையும். அந்நிலையில் நாட்கூலிக்காரரை எளிதில் நிறுத்திவிடலாம். தோட்டத்திலும் இதே நியாயமே செயற்பட்டது. 1920களின் பிற்பகுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என வரையறுக்கப்பட்டிருந்த தோட்ட நாட்கூலி, 1930இல் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பொருளாதார மந்தத்தின்போது பல்லாயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சந்தையின் இழப்பைத் தொழிலாளியின் மீது சுமத்துவதற்கு நாட்கூலி வாய்ப்பான கருவியாயிற்று.

இதனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு பிட்டரின் நாட்கூலி 5 வெள்ளி எனக் கொள்வோம். மாதத்தில் 26 நாள் உழைத்தால் அவர் பெறுவது 130 வெள்ளி. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து, இரண்டு நாள் ஊதியமற்ற விடுமுறையும் வந்தால் எஞ்சுவது 105 வெள்ளி. அதே 130 வெள்ளியை மாதச் சம்பளமாகவும் ஊதியத்துடன் கூடிய விடுப்போடும் பெறுபவர்க்கு அந்த மாதம் எவ்விதக் குறையும் நேராது. இருவருடைய கைத்திறனும் ஊதிய வீதமும் ஒன்றே. வேறுபாடு அளவுகோலில் உள்ளது. அதோடு ஆண்டு ஏற்றம், விடுப்பு, ஓய்வூதியம் ஆகியன மாதச் சம்பள வரிசையோடு பிணைந்திருந்தன.

1962ஆம் ஆண்டு வேலைநிறுத்தம்

போருக்குப் பின் நிலைமை மாறியது. செந்தூல் பட்டறை 1945இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாகி, பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. 1957இல் நாடு விடுதலை பெற்றது; அதே ஆண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட டீசல்-மின் எஞ்சின்களும் வந்து சேர்ந்தன. பாய்லரோடு பழகிய கைகள் மின்னாக்கியையும் டீசல் எஞ்சினையும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. தொழில்நுட்பம் உயர்ந்தது, ஊதிய அளவுகோல் மட்டும் பழைய நிலையிலேயே நின்றது.

இப்பின்னணியிலேயே 1962 டிசம்பரில் மலாயா இரயில்வே தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 1963 சனவரி வரை நீண்ட அப்போராட்டத்தின் மையக் கோரிக்கை, நாட்கூலித் தொழிலாளரை மாதச் சம்பளக்காரராக மாற்ற வேண்டும் என்பதாகும். இத்தனை காசு கூட்டித் தருக என்று கேட்பதோடு அமையாமல், எந்த அளவுகோலால் அளக்கிறீர் என்று கேட்ட போராட்டம் இது என்பதால் தொழிலாளர் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. இதன் பின்னரே அவர்கள் மாதச் சம்பள வரிசைக்கு மாறும் வழி திறந்தது. விடுதலை பெற்ற நாட்டில் தாமும் நிலைபெற்றவர் என்னும் ஏற்பினையே அத்தொழிலாளர் கேட்டனர் எனக் கொள்வது பொருந்தும். நாளைய வேலை உறுதியில்லாதவனுக்கு நாளைய வீடும் பிள்ளையின் படிப்பும் உறுதியில்லை.

போராட்டத்துக்கான இடம் பின்னர்ச் சுருங்கியது. இந்தோனேசிய எதிர்ப்பியக்கக் காலமான 1965இல் பிறப்பிக்கப்பட்ட விதிகள் இன்றியமையாப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுத்தன. 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் தகராறுகளைத் தொழில் நீதிமன்றத்தின்பால் திருப்பியது. 1992இல் இரயில்வே அரசாங்கத் துறை எனும் நிலையிலிருந்து நிறுவனமாக மாற்றப்பட்டது.

இன்றைய நிலையில் பழைய வினா

இன்று மண்வாரி இயந்திரம், புல்டோசர், பாரந்தூக்கி ஆகியவற்றைப் பழுதுபார்ப்போரின் பணி நீரியல் அமுக்கத்தையும் கணினியையும் சார்ந்தது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்ச ஊதியம் 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே.

ஆயினும் அளவுகோல் பற்றிய வினா வேறு வடிவில் தொடர்கிறது. இத்தொழிலில் கையில் வரும் தொகையின் பெரும்பங்கு மிகைநேர ஊதியமாக இருப்பதுண்டு. தொழிலாளர் சேமநிதிக்கான சந்தா கணக்கிடப்படுகையில் மிகைநேர ஊதியம் சேர்க்கப்படுவதில்லை. இரு பணியாளர் மாதம் 3,000 ரிங்கிட் பெறுவதாகக் கொள்வோம். ஒருவருக்கு அது முழுவதும் அடிப்படைச் சம்பளம். மற்றவர்க்கு 2,000 அடிப்படை, 1,000 மிகைநேரம். முதலாளி 13 விழுக்காடும் தொழிலாளி 11 விழுக்காடும் செலுத்தும் நிலையில், முன்னவர் சேமநிதியில் மாதந்தோறும் 720 ரிங்கிட் சேரும். பின்னவர்க்கு 480 மட்டுமே. ஆண்டுக்கு 2,880 ரிங்கிட் வேறுபாடு. மேலும், மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, வழக்கமான வேலை நாளில் ஒன்றரை மடங்கு எனக் கணக்கிடும் சட்டமுறைப்படி, அந்த 1,000 ரிங்கிட்டை ஈட்டப் பின்னவர் ஏறத்தாழ 69 மணி நேரம் கூடுதலாக உழைத்தாக வேண்டும். நோயுற்றால் முதலில் மறைவது அத்தொகையே. பெயர் மாதச் சம்பளமாயினும் அதன் மூன்றில் ஒரு பகுதி இன்னும் நாட்கூலியின் தன்மையுடன் இருக்கிறது.

முடிவுரை

மலாயாவில் கனரக இயந்திரப் பணியாளரின் ஊதிய வரலாறு, திறன் வளர்ந்த வேகத்தில் தகுதி வளராமையின் வரலாறாக அமைந்துள்ளது. எஞ்சினைச் செப்பனிட்டவரும் கூலி என்னும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர். அச்சொல்லிலிருந்து விடுபட அவர்கள் போராடியே ஆக வேண்டியிருந்தது. இவ்வரலாற்றை எழுத ஏடுகள் மட்டும் போதா. பட்டறையில் உழைத்தோரும் அவர்தம் மக்களும் கூறும் வாய்மொழிச் செய்திகள், பழைய ஊதியச் சீட்டுகள், சங்க உறுப்பினர் அட்டைகள் ஆகியவை திரட்டப்பட வேண்டும். 1962இல் இருபது வயதினராக இருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர் என்பதை ஆய்வாளர் எண்ணிப் பார்த்தல் நலம்.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்கு உண்டு. தொழிற்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் மாணவனைப் படிப்பு வராதவன் எனக் கருதும் மனப்போக்கு நம்மிடையே முற்றிலும் நீங்கவில்லை. அது காலனியப் பட்டியல் நமக்கு விட்டுச்சென்ற மதிப்பீடேயாகும். அம்மாணவனிடம் செந்தூலின் கதையைக் கூறுவோம். வேலைக்குச் செல்லும் நாளில் எவ்வளவு தருவீர்கள் என்பதோடு, எந்தக் கணக்கில் தருவீர்கள் என்றும் கேட்க அவனுக்குக் கற்றுக்கொடுப்போம்.