மிதிவண்டி நாடு உருவான கதை

நெதர்லாந்து மக்கள் பரம்பரையாகவே மிதிவண்டிப் பிரியர்கள் என்று பலரும் நினைக்கின்றனர். அது பாதிதான் உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்களுக்காகச் சாலைகள் அகலமாயின. மிதிவண்டிப் பழக்கம் வேகமாகக் குறைந்தது.

1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்! கொதித்தெழுந்த பெற்றோர் தெருவில் இறங்கினர். அவர்களது இயக்கத்தின் பெயரே 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதுதான். 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு இறங்கி வந்தது. டில்பர்க், ஹேக் நகரங்களில் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் சோதனையாகப் போடப்பட்டன. 1980-களில் டெல்ஃப்ட் நகரம் அவற்றை ஊர் முழுக்க ஒன்றோடொன்று இணைத்தது.

இன்று அந்நாட்டுப் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் மிதிவண்டியில்தான். பெரும்பாலோர் உடற்பயிற்சி என்று நினைத்து மிதிப்பதில்லை. பள்ளிக்கும் கடைக்கும் போய்வரவே மிதிக்கிறார்கள்.