வாரன் மூன்: 28 அணிகளும் தேர்வு செய்யாத குவார்ட்டர்பேக், புகழரங்கை அடைந்த வரலாறு

ஹைதராபாத்: அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள கேன்டன் நகரில், 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி, தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் புகழரங்கில் ஆறு பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் வாரன் மூன். குவார்ட்டர்பேக் என்ற பொறுப்பில் ஆடி, நவீன காலத்தில் அந்த அரங்கில் இடம்பெற்ற முதல் கறுப்பின வீரர் இவரே ஆவார். அதற்குச் சரியாக 28 ஆண்டுகளுக்கு முன்பு, தேசிய கால்பந்து லீகான என்.எஃப்.எல். அமைப்பின் 28 அணிகளும் கூடிப் புதிய வீரர்களைத் தேர்வு செய்தபோது, இவரது பெயரை ஓர் அணிகூட அறிவிக்கவில்லை.

திறமை குறைந்த இளைஞர் ஒருவர் பிற்காலத்தில் முன்னேறியதாக இதனைக் கருதிவிடக் கூடாது. தேர்வு நடைபெற்ற அந்த 1978ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே, கல்லூரி அளவில் நாட்டின் மிகப் புகழ்பெற்ற போட்டியான ரோஸ் பௌலில் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர் மூன்.

குவார்ட்டர்பேக் என்பவர் யார்?

அமெரிக்காவில் ‘ஃபுட்பால்’ என்று அழைக்கப்படுவது, நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. ஓர் அணிக்கு 11 பேர் களத்தில் இருப்பர். 100 யார்டு நீள மைதானத்தில், பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் குறைந்தது 10 யார்டு முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணியின் வசமாகும். எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் அது ‘டச்டவுன்’ எனப்படும்; ஆறு புள்ளிகள் கிடைக்கும்.

ஒவ்வொரு முயற்சியும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்தே தொடங்குகிறது. பயிற்சியாளர் வகுத்த திட்டத்தைச் சக வீரர்களுக்குச் சொல்வதும், எதிரணியின் அமைப்பைப் பார்த்து அதனைக் கடைசி நொடியில் மாற்றுவதும், பந்தை யாருக்கு எறிவது என இரண்டு மூன்று நொடிகளில் முடிவெடுப்பதும் இவரது பணி. கிரிக்கெட்டில் அணித்தலைவரும் தொடக்க ஆட்டக்காரரும் ஒருவராகவே இருந்து, ஒவ்வொரு பந்தையும் அவரே எதிர்கொள்ள வேண்டும் என்றால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அத்தகைய பொறுப்பு இது. ஊதியமும் புகழும் பழியும் இவருக்கே அதிகம்.

இந்தப் பொறுப்பைப் பல பத்தாண்டுகளாக வெள்ளையருக்கே உரியதாக அமெரிக்க அணிகள் வைத்திருந்தன. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய கறுப்பின இளைஞர்கள் தொழில்முறை அணிகளுக்கு வந்ததும், ஓடிப் பந்தைப் பிடிக்கும் இடங்களுக்கோ தற்காப்பு வரிசைக்கோ மாற்றப்பட்டனர். சிந்தித்து முடிவெடுக்கும் வேலை ஓர் இனத்துக்கு, வேகமாக ஓடும் வேலை மற்றோர் இனத்துக்கு என்ற எழுதப்படாத விதி நிலவியது. 1968ஆம் ஆண்டு டென்வர் அணிக்காக ஆடிய மார்லின் பிரிஸ்கோ, தமது முதல் பருவத்திலேயே 14 டச்டவுன் பாஸ்களை எறிந்தார். அடுத்த ஆண்டு அந்த இடம் அவருக்கு இல்லை. வேறு அணிக்குச் சென்று, பந்தைப் பிடிக்கும் வீரராகவே எஞ்சிய காலத்தைக் கழித்தார்.

லாஸ் ஏஞ்சலிஸ் இளமை

வாரன் மூன் 1956ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தார். ஆறு சகோதரிகளுக்கு நடுவே ஒரே ஆண் பிள்ளை. தொழிலாளியான தந்தை, மூனுக்கு ஏழு வயதானபோது கல்லீரல் நோயால் காலமானார். செவிலியராகப் பணிபுரிந்த தாயே ஏழு பிள்ளைகளையும் வளர்த்தார். சமையல், தையல், துணி தேய்த்தல் ஆகிய வீட்டு வேலைகளைச் சிறுவயதிலேயே மூன் கற்றுக்கொண்டார். பள்ளிக் காலத்தில் ஆண்டுக்கு ஒரு விளையாட்டு மட்டுமே ஆடுவது என்று முடிவு செய்தார். மற்ற மாதங்களில் வேலைக்குச் சென்று குடும்பத்துக்கு உதவ வேண்டியிருந்தது. பலரைவிடத் தம்மால் பந்தை நெடுந்தொலைவு, நேராக எறிய முடியும் என்பதால் குவார்ட்டர்பேக் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

ஹாமில்டன் உயர்நிலைப் பள்ளியில் சிறந்து விளங்கியபோதும், அவரை அதே இடத்தில் ஆடவைக்கப் பெரிய பல்கலைக்கழகங்கள் தயங்கின. இடத்தை மாற்றிக்கொள்ள மறுத்த மூன், வெஸ்ட் லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியில் ஓராண்டு ஆடினார். பின்னர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் புதிய பயிற்சியாளர் டான் ஜேம்ஸ் அவரை அழைத்துக்கொண்டார்.

அங்கும் வரவேற்பு இனிமையாக இல்லை. அணி தோற்றபோதெல்லாம் சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் அவரைக் கேலி செய்து கூச்சலிட்டனர். ஜேம்ஸ் அவரை மாற்றவில்லை. 1978 ஜனவரி 2ஆம் தேதி ரோஸ் பௌல் போட்டியில், வலிமை மிக்க மிச்சிகன் அணியை வாஷிங்டன் 27-20 என வென்றது. மூன் தாமே ஓடி இரண்டு டச்டவுன்களும், எறிந்து ஒன்றும் பெற்றார். முன்னர் கூச்சலிட்டவர்களே அன்று கைதட்டினர்.

அழைப்பு வராத தேர்வு

‘டிராஃப்ட்’ எனப்படும் ஆண்டுத் தேர்வில், கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் வரிசைப்படி தேர்வு செய்யும். ஐபிஎல் ஏலத்தைப் போல இங்கே விலை கூறப்படுவதில்லை. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கு முதல் வாய்ப்பு. 1978ஆம் ஆண்டின் தேர்வு 12 சுற்றுகளாக நடந்தது. 300க்கும் மேற்பட்ட வீரர்கள் தேர்வாயினர். மூன் அவர்களில் இல்லை.

இங்கு ஓர் உண்மையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்வு நாள் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, கனடாவின் எட்மன்டன் அணியுடன் மூன் ஒப்பந்தம் செய்துவிட்டார். அணிகள் அதனை அறிந்திருந்தன. ஆனால் அவரைக் கனடாவை நோக்கித் தள்ளியது அதற்கு முன் கேட்ட பேச்சுகளே. குவார்ட்டர்பேக்காக அவர் உயர்ந்த சுற்றில் தேர்வாகப் போவதில்லை என்பதும், வேறு இடத்தில் ஆட ஒப்புக்கொண்டால் நல்லது என்பதும் அவருக்குத் தெளிவாக உணர்த்தப்பட்டிருந்தன. அதே தேர்வில் மற்றொரு கறுப்பின குவார்ட்டர்பேக்கான டக் வில்லியம்ஸை டாம்பா பே அணி 17ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. கதவு முழுவதும் அடைக்கப்பட்டிருக்கவில்லை. ஒருவர் நுழையும் அளவே திறந்திருந்தது எனலாம்.

கனடாவில் ஆறு ஆண்டுகள்

கனடிய ஆட்டத்தில் மைதானம் இன்னும் நீளமானது, அகலமானது. அணிக்கு 12 பேர். 10 யார்டு முன்னேற மூன்றே முயற்சிகள். ஆகவே பந்தை எறிந்தே ஆக வேண்டிய கட்டாயம் மிகுதி. மூனின் வலிய கைக்கு அது பொருத்தமாக அமைந்தது. பயிற்சியாளர் ஹியூ கேம்ப்பெல் தலைமையில், 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கனடாவின் சாம்பியன் கோப்பையான கிரே கோப்பையை எட்மன்டன் வென்றது. தொடக்கத்தில் மூத்த வீரர் டாம் வில்கின்சனுடன் பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட மூன், படிப்படியாக அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் ஆனார்.

1982ஆம் ஆண்டில், தொழில்முறை ஆட்டத்தின் ஒரே பருவத்தில் 5,000 யார்டு எறிந்த முதல் குவார்ட்டர்பேக் என்ற பெருமையைப் பெற்றார். அடுத்த ஆண்டு அதனை 5,648 யார்டாக உயர்த்தி, லீகின் மிகச்சிறந்த வீரர் விருதையும் வென்றார். ஆறு பருவங்களில் அவர் எறிந்த தொலைவு 21,228 யார்டு. டச்டவுன் பாஸ்கள் 144. இனி அவரைப் புறக்கணிக்க அமெரிக்க அணிகளால் இயலவில்லை.

ஹூஸ்டன்: உயர்வும் ஒரு பிற்பகலும்

1984ஆம் ஆண்டு மூனைப் பெறுவதற்கு அணிகளிடையே போட்டி எழுந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் யாரும் அழைக்காதவருக்கு, அன்றைய லீகின் மிக உயர்ந்த ஊதியங்களில் ஒன்று வழங்கப்பட்டது. ஹியூ கேம்ப்பெல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றிருந்த ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியையே அவர் தேர்ந்தெடுத்தார்.

தொடக்கம் கடினமாகவே இருந்தது. முதல் பருவத்தில் 16 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வெற்றி. கேம்ப்பெல் 1985ஆம் ஆண்டு முடியும் முன்பே நீக்கப்பட்டார். மைதானத்தில் தம் மீது வீசப்பட்ட இனவெறிச் சொற்களைத் தம் மனைவியும் பிள்ளைகளும் இருக்கைகளில் அமர்ந்து கேட்க நேர்ந்ததை மூன் பின்னர் வேதனையுடன் நினைவுகூர்ந்துள்ளார். எனினும் 1987 முதல் 1993 வரை ஏழு பருவங்கள் தொடர்ந்து ஹூஸ்டன் பிளேஆஃப் சுற்றுக்குச் சென்றது.

அவரது உச்சம் 1990ஆம் ஆண்டு. அந்தப் பருவத்தில் 4,689 யார்டு, 33 டச்டவுன் பாஸ்கள். டிசம்பர் 16ஆம் தேதி கன்சாஸ் சிட்டி அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 527 யார்டு எறிந்தார். லீக் வரலாற்றில் அதனைவிட மிகுதியாக அதுவரை எறிந்தவர் ஒருவரே. அந்த ஆண்டின் சிறந்த தாக்குதல் வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. 1991இல் 655 முறை எறிந்து 404 முறை இலக்கை எட்டி, 4,690 யார்டு சேர்த்தார்.

ஆனால் மூனின் பெயரைக் கேட்டதும் பல அமெரிக்க ரசிகர்களின் நினைவுக்கு வருவது 1993 ஜனவரி 3ஆம் தேதிதான். பிளேஆஃப் ஆட்டம், எதிரணி பஃபலோ. முதல் பாதியில் மட்டும் மூன் நான்கு டச்டவுன் பாஸ்களை எறிந்தார். இடைவேளையில் ஹூஸ்டன் 28-3 என முன்னிலை. மூன்றாம் கால் பகுதி தொடங்கியதும் அது 35-3 ஆனது. பஃபலோவின் முதன்மை குவார்ட்டர்பேக் காயத்தால் ஆடவில்லை. மாற்று வீரர் ஃபிராங்க் ரைக்கே களத்தில் இருந்தார். பின்னர் நடந்ததை அன்று அரங்கில் இருந்தவர்களே நம்பவில்லை. பஃபலோ அடுத்தடுத்துப் புள்ளிகளைக் குவித்து முந்தியது. ஹூஸ்டன் சமன் செய்து கூடுதல் நேரத்துக்குக் கொண்டு சென்றது. அங்கே மூன் எறிந்த ஒரு பந்து எதிரணியின் கைக்குச் சென்றது. பஃபலோ 41-38 என வென்றது. 32 புள்ளிகள் பின்தங்கியிருந்து ஓர் அணி மீண்ட அந்த ஆட்டம், பிளேஆஃப் வரலாற்றில் இன்றும் சாதனையாகவே உள்ளது. 50 முறை எறிந்து 36 முறை இலக்கை எட்டிய வீரருக்கு, அந்தச் சாதனையின் தோற்ற பக்கமே கிடைத்தது.

அடுத்த பருவத்தில் தொடர்ந்து 11 வெற்றிகளைப் பெற்றும் ஹூஸ்டன் பிளேஆஃபில் மீண்டும் வீழ்ந்தது. இம்முறை வென்றது ஜோ மொன்டானாவின் கன்சாஸ் சிட்டி. அத்துடன் ஹூஸ்டன் காலம் முடிந்தது.

இறுதி ஆண்டுகள்

1994இல் மினசோட்டாவுக்கு மாற்றப்பட்ட மூன், அங்கு முதல் இரு பருவங்களிலும் 4,200 யார்டுக்கு மேல் எறிந்தார். 1995ஆம் ஆண்டு அவர் மீது குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டு பதிவானது; அடுத்த ஆண்டு நடந்த விசாரணையின் முடிவில் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். பின்னர் சியாட்டில் அணியில் இரண்டு பருவங்கள். 1997ஆம் ஆண்டு, 41 வயதை எட்டிய பருவத்தில், 25 டச்டவுன் பாஸ்களுடன் ஒன்பதாவது முறையாக நட்சத்திர வீரர்களின் ஆட்டமான புரோ பௌலுக்குத் தேர்வானார். கன்சாஸ் சிட்டியில் மாற்று வீரராக இரு பருவங்கள் இருந்துவிட்டு, 2001 ஜனவரியில் 44ஆவது வயதில் ஓய்வை அறிவித்தார்.

என்.எஃப்.எல். ஆட்டங்களில் அவர் எறிந்தது 49,325 யார்டு. டச்டவுன் பாஸ்கள் 291. ஓய்வு பெற்றபோது அந்த வரிசையில் அவருக்கு முன் டான் மரினோவும் ஜான் எல்வேயும் மட்டுமே இருந்தனர். கனடாவில் கழித்த ஆறு ஆண்டுகள் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றையும் சேர்த்தால் 70,000 யார்டைக் கடக்கும். மறுபுறம், சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் ஒருமுறையும் அவர் ஆடியதில்லை. 1978ஆம் ஆண்டு அவருடன் கல்லூரியிலிருந்து வெளிவந்த டக் வில்லியம்ஸ், 1988 ஜனவரியில் வாஷிங்டன் அணிக்காக அந்தக் கோப்பையை வென்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் ஆனார்.

கேன்டன் ஏற்புரையில், ‘முதல் கறுப்பினத்தவர்’ என்ற அடையாளம் தமக்குச் சில வேளைகளில் சங்கடம் தருவதாகவும், குவார்ட்டர்பேக்காக மட்டுமே மதிப்பிடப்பட விரும்பியதாகவும் மூன் குறிப்பிட்டார். எனினும் அந்த முதன்மையை ஏற்றுக்கொள்வதாகக் கூறி, தமக்கு முன் பாதை வகுத்த மார்லின் பிரிஸ்கோ உள்ளிட்டோரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். கனடாவின் கால்பந்துப் புகழரங்கிலும் அவர் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டிருந்தார். இரு நாடுகளின் புகழரங்குகளிலும் இடம்பெற்ற வீரர் என்பது அரிய சிறப்பாகும்.

1ஆம் எண் சீருடை

ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணி பின்னர் டென்னசி மாநிலத்துக்கு இடம்பெயர்ந்து, டைட்டன்ஸ் என்ற பெயரைப் பெற்றது. மூன் அணிந்த 1ஆம் எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று 2006ஆம் ஆண்டு அந்த அணி அறிவித்தது.

2023 பிப்ரவரியில் நடைபெற்ற சூப்பர் பௌலில் கன்சாஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸும் பிலடெல்பியாவின் ஜேலன் ஹர்ட்ஸும் மோதினர். இரு அணிகளிலும் தொடக்க குவார்ட்டர்பேக்காகக் கறுப்பின வீரர்களே களமிறங்கிய முதல் இறுதிப் போட்டி அது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஏப்ரல் தேர்வில், அனைவருக்கும் முதலாவதாக அழைக்கப்பட்ட வீரர் மயாமி பல்கலைக்கழகத்தின் கறுப்பின குவார்ட்டர்பேக் கேம் வார்ட். அவரைத் தேர்ந்தெடுத்தது டென்னசி டைட்டன்ஸ். கல்லூரியில் தாம் அணிந்த 1ஆம் எண்ணையே வார்ட் விரும்பினார். மூன் அதற்கு இசைவு தெரிவித்தார்.